பதினைந்தடியும் சுருங்கிய மூங்கிலும்

ஆற்றுக்கும் மனிதனுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்க வேண்டும் என்பது இந்தத் தீவு முழுவதிலும் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரிந்திருந்தது. அவர் மாத்தளை டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் வரும் ஒரு மிளகுக் கிராமத்தில் இருந்தார். பெயர் பதினைந்தடி. அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருந்திருக்கும். அதைப் படித்தவர்கள் சோதனைச் சாவடிக்காரர்கள் மட்டும்தான். அவர்களும் இரண்டே நாளில் அதை மறந்துவிட்டு, பதினைந்துக்குச் சிங்களத்தில் என்ன சொல்வார்களோ அதையே பெயராக்கி ‘பஹலொவ’ என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

பெயருக்குக் காரணம் அவர் தோளில் இருந்தது. சரியாகப் பதினைந்து அடி நீளமுள்ள ஒரு மூங்கில் கம்பு. அவர் வளைவில் திரும்பினால் முதலில் கம்பின் நுனி வரும், பிறகு கொஞ்ச நேரம் கம்பு மட்டுமே வந்துகொண்டிருக்கும், கடைசியில் அவர் வருவார். கம்பில்லாமல் அவரைப் பார்த்தது அவர் மனைவி செல்லம்மாக்காவும் மாத்தளை முத்துமாரியம்மனும்தான். அம்மனைப் பார்க்கப் போகும்போது மட்டும் வெளியே சாத்திவிட்டு, செருப்புக் காவல்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போவார்.

அந்தப் பதினைந்து அடி என்ற அளவை அவருக்குச் சொன்னவன் நான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நான் அப்போது மாத்தளையில் ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் இருந்த அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். போர்நிறுத்தம் இன்றைக்கு இருக்கிறதா இல்லையா என்று காலையில் ரேடியோவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய காலம். அந்தக் காலத்திலும் வெளிநாட்டுக்காரர்களுக்கு மிளகு வேண்டியிருந்தது. சும்மா மிளகு இல்லை, ஆற்றைக் கெடுக்காத மிளகு. வெளிநாட்டில் மிளகு வாங்கும் ஒரு கம்பெனியும், எங்கள் அலுவலகமும், நாற்பது குடும்பங்கள் இருந்த கிராமத்து விவசாயிகள் சங்கமும் இதற்காகக் கூட்டுச் சேர்ந்திருந்தோம். கிராமத்தின் நடுவில் ஓடுகிற ஓயா என்ற சிற்றாற்றின் இரண்டு கரையிலும் ஐந்து மீட்டருக்குப் பூச்சி மருந்து அடிக்கக் கூடாது, செடி கொடியை வெட்டக் கூடாது, மாட்டுக் கொட்டில், அடுப்பு, கக்கூஸ் எதுவும் இருக்கக் கூடாது. கரையில் மரம் தானாக வளரும். நிழல் விழுந்தால் தண்ணீர் குளிரும், தண்ணீர் குளிர்ந்தால் மீன் தங்கும், மீன் தங்கினால் பச்சை இலை படம் போட்ட சான்றிதழ் வரும், சான்றிதழ் வந்தால் மிளகு நல்ல விலைக்குப் போகும். அவ்வளவுதான் விஷயம்.

விதிகளை ஆங்கிலத்திலிருந்து தமிழில் சின்னப் புத்தகமாக்கியது என் வேலை. மீட்டர் என்றால் எங்கள் ஆட்களுக்குப் பிடிபடாது, எல்லாம் அடிதான். மீட்டரும் கஜமும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று நினைத்தேன். மீட்டருக்கு மூன்று அடி, ஐம்மூன்று பதினைந்து. வாய்ப்பாடு படித்தது வீண் போகவில்லை என்ற சந்தோஷத்தில் ‘பதினைந்து அடி’ என்று எழுதிவிட்டு மத்தியானச் சோற்றுக்குப் போனேன். அன்றைக்குப் பலாக்காய்க் கறி என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

புத்தகத்தை விளக்குவதற்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். எல்லாரும் தலையாட்டினார்கள். தேநீர் வரும் நேரத்தில் பின் வரிசையில் ஒருவர் கதிரையை விட்டு எழுந்தார். ஒல்லி, நரைத்த மீசை, சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக என் புத்தகம்.

“கிளாக்கரய்யா, பதினஞ்சு அடின்னா ஆளோட காலடியா, ஸ்கேல் அடியா?”

“ஸ்கேல் அடிதான் அண்ணே.”

“எங்கேருந்து அளக்கணும்? தண்ணி ஓரத்துலேருந்தா, கரை மேட்டுலேருந்தா?”

“கரை மேட்டிலேருந்து.”

“மழைக்காலத்துக் கரையா, வெயில் காலத்துக் கரையா?”

புத்தகத்தில் அது இல்லை. மழைக்காலத்துக் கரை என்று நானாகச் சொல்லிவைத்தேன். அவர் எழுதிக்கொண்டார். நான் கிளார்க் இல்லை, மொழிபெயர்ப்பாளன் என்று சொல்ல வாயெடுத்தேன், தேநீர் வந்துவிட்டது. கடைசி வரைக்கும் அவருக்கு நான் கிளாக்கரய்யாதான்.

மறுநாளே மூங்கில் வெட்டிவிட்டார். வெட்டியது போதாதென்று, கடைக்காரர்களின் எடைக்கல்லுக்கும் அளவுகோலுக்கும் அரசாங்க முத்திரை குத்தும் கந்தோரில் இதற்கும் ஒரு முத்திரை வாங்கிவிட வேண்டும் என்று மாத்தளைக்குக் கிளம்பினார். கம்பு பஸ்ஸின் பின் ஜன்னலால் நுழைந்து, இருக்கைகளுக்கு நடுவால் போய், டிரைவரின் காதுக்குப் பக்கத்தில் முடிந்தது. இதற்கும் டிக்கட் எடுக்கச் சொன்னார் கண்டக்டர்.

“உக்காந்து வந்தா ஒரு டிக்கட், நின்னு வந்தாலும் ஒரு டிக்கட். இது படுத்துக்கிட்டுல்ல வருது. படுத்துக்கிட்டு வாறதுக்கு என்ன டிக்கட்டுன்னு காட்டுங்க, எடுக்கிறேன்.”

கண்டக்டர் கையிலிருந்த டிக்கட் கட்டுக்குள் அப்படி ஒன்று இல்லை. கந்தோரில் இருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். மூங்கிலுக்கு முத்திரை குத்தச் சட்டம் இல்லை என்றார். ஆனால் ஆசைக்கு அளந்து பார்த்துவிட்டு, மயிரிழை பிசகாமல் பதினைந்து அடி என்று வாயால் சொன்னார். அந்தச் சொல்லே முத்திரை என்று எடுத்துக்கொண்டு எங்கள் இரும்புக்கடைக்கு வந்த பதினைந்தடி, அடிக்கு ஒன்றாகப் பித்தளை ஆணி அடித்துக்கொண்டு போனார். கொழும்பில் பெரிய மாளிகை கட்டியவர்கள்கூட அவ்வளவு பெருமையோடு வீடு திரும்பியிருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கிராமத்தில் ஒரு மனிதர் நிம்மதியாக ஓயாப் பக்கம் உட்கார முடியவில்லை. பதினைந்தாவது அடியில் பச்சை நிறம் பூசிய கல் ஒன்றை நடுவார், அடுத்த கல்லுக்கு நடப்பார். இப்படி இரண்டு கரையிலும் நாற்பது காணிக்கும் நட்டார். கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு கோழி போனால்கூட வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்வார். சங்கத் தலைவர் பண்டாவின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. ஓயா ஓரத்தில் கல் அடுப்பு மூட்டி, இருநூறு பேருக்குச் சோறு கொதித்துக்கொண்டிருக்கிறது. விருந்துக்கு வந்த பதினைந்தடி, கையில் பரிசுப் பொட்டலத்தோடு அடுப்பை அளந்தார். பன்னிரண்டு அடி. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள், கோட்டுப் போட்ட நான்கு பேர் கொதிக்கிற அண்டாவைச் சாக்குத் துணியால் பிடித்து மூன்று அடி நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். பதினைந்தடி முன்னால் நின்று, “இன்னும் ஒரு சாண், இன்னும் ஒரு சாண்,” என்று வழி காட்டுகிறார். சோறு அடிப்பிடித்துவிட்டது. பண்டா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை, ஆனால் அடுப்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகவும் இல்லை.

அவரிடம் இன்னொரு வினோதம் உண்டு. மனிதர்களை நீ, வா, போ என்பார். தலைவரையும் அப்படித்தான், போலீஸ்காரரையும் அப்படித்தான். என்னையும் பாலத்தடிச் சோதனைச் சாவடியையும் மட்டும் கொஞ்சம் கவனித்து நடத்துவார். ஆனால் மீன்களுக்கு முழு மரியாதை.

“நேத்துக் கோடு போட்டவங்க நாலு பேர் வந்திருந்தாங்க. கல்லுல ஒட்டிக்கிட்டு இருக்கிறவங்க இன்னும் வெளிய வரல, வெயில் ஏறட்டும்னு இருக்காங்க.”

இந்த மரியாதை ஒரு நாள் எங்கள் இரண்டு பேரையும் மேலே அனுப்பப் பார்த்தது.

அந்தக் காலத்தில் தமிழ் ஆள் ஒருவர் தோளில் நீண்ட ஒரு சாமானோடு சோதனைச் சாவடியைக் கடப்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பதை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதல் தடவை அவர் கடந்தபோது நானும் கூட இருந்தேன். இருந்திருக்கக் கூடாது. அடையாள அட்டையைக் காட்டினோம். சிப்பாய் மூங்கிலைத் தட்டிப் பார்த்தார், ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்த்தார், போகச் சொல்லிக் கையை அசைத்தார். நான் விடுவிடுவென்று நடந்தேன். பின்னால் காலடிச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால் இந்த மனிதர் சாவடிக்குப் பின்பக்கம் போய், கரையில் கம்பைக் கிடத்தி, அவர்களுடைய தகரக் கக்கூஸை அளந்துகொண்டிருக்கிறார்.

இரண்டு துப்பாக்கிகள் அவர் பக்கம் திரும்பின. ஒன்று, நியாயமாகப் பார்த்தால் சம்பந்தமே இல்லாமல், என் பக்கம் திரும்பியது.

“என்ன செய்றே அங்கே?” என்று கோப்ரல் சிங்களத்தில் அதட்டினார்.

“ஒம்பது அடிதான் இருக்கு மஹத்தயா,” என்றார் பதினைந்தடி. அவர் சிங்களம் என் சிங்களத்தை விட நல்லது. “இன்னும் ஆறு அடி பின்னால போகணும். அவங்க கீழ்ப் பக்கம் குடும்பத்தோட வந்து தங்கியிருக்காங்க.”

சாவடிக்காரர்கள் காதில் அந்த ‘அவங்க’ இயக்கத்துப் பையன்களாக விழுந்தது.

“யார் தங்கியிருக்காங்க?” என்றார் கோப்ரல், மெதுவாக. அதட்டியபோதே பரவாயில்லை என்று இருந்தது.

“மீன்,” என்று நான் கத்தினேன். “மீனைச் சொல்றார் மஹத்தயா. மீன். மீன் மட்டும்தான்.”

கோப்ரல் கரைக்கு வந்து குனிந்து பார்த்தார். சீகிரியாப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அவர், குளத்தில் விழுந்து வளர்ந்தவர். கறுப்புக் கோடு போட்ட சின்ன மீன்கள் நாலைந்து கல்லிடுக்கில் நின்றன. கொஞ்ச நேரம் துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டுக் குந்திக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க் குளத்தில் இது நிறைய இருந்தது, இப்போது கண்ணில் படுவதில்லை என்றார். அடுத்த வாரம் கக்கூஸ் ஆறு அடி பின்னால் போயிருந்தது. அதற்குப் பிறகு பதினைந்தடி சாவடியைக் கடந்தால் அட்டையைக் கேட்பதில்லை, “பஹலொவ, இன்னைக்கு எத்தனை பேர்?” என்றுதான் கேட்பார்கள்.

ஊரை எல்லாம் அளந்தவர் தன் வீட்டை விட்டாரா என்றால், இல்லை. அரை ஏக்கர் மிளகும் இரண்டு அறை வீடும் அவருக்கு. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றபோது கிடைத்ததில் வாங்கியது. செல்லம்மாக்காவின் சமையலறைப் பின்சுவர் மூன்று அங்குலம் கல்லுக்குள் வந்தது. மூன்று அங்குலத்தை நான் விட்டிருப்பேன், நீங்களும் விட்டிருப்பீர்கள். அவர் கடப்பாரையை எடுத்தார். நான் போனபோது அக்கா வானத்துக்குக் கீழே அடுப்பூதிக்கொண்டிருந்தார்.

“முப்பது வருசத்துல எனக்கு ஒரு அலமாரி செஞ்சு குடுத்ததில்ல இந்த மனுசன். மீனுக்குச் செவத்த இடிக்கிறாரு.”

“அவங்க ஒன்ன மாதிரிப் பேச மாட்டாங்க,” என்றார் அவர் செங்கல் அடுக்கிக்கொண்டே.

அன்றைக்குத்தான் கேட்டேன், ஏன் அண்ணே இப்படி என்று. அவர் வேலையை நிறுத்தாமல் சொன்னார். தோட்டத்தில் அவர் இருபது வருடம் மருந்தடிக்கிற ஆளாம். முதுகில் டேங்க், வாயில் துண்டு.

“சாயங்காலம் டேங்க ஆத்துலதான் அலசுவோம். அப்பிடித்தான் எல்லாரும் செஞ்சோம். ஒரு நாள் மருந்து மிச்சம் இருந்துச்சு, அதையும் சேத்து ஊத்திட்டேன். கீழ்ப் பக்கம் அவங்க எல்லாரும் வயித்தக் காட்டிக்கிட்டு வந்துட்டாங்க. பெருசு, சிறுசு, குஞ்சு குளுவானெல்லாம். இவ என்னடான்னா, நல்ல மீனா மெதக்குதேன்னு கூடை நெறையப் பொறுக்கிட்டு வந்து கொழம்பு வச்சிட்டா.”

“சாப்பிட்டீங்களா?”

“லயத்து வீடுகள்ல பாதிப் பேர் சாப்பிட்டோம். மூணு நாளு கக்கூஸ் வரிசையில நின்னோம்.”

செல்லம்மாக்கா சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த ஆற்றில் அதற்குப் பிறகு மீனே வரவில்லை என்றார். அன்றிலிருந்து அவர் மீன் சாப்பிட்டதும் இல்லை.

இப்படி ஒன்றரை வருடம் போனது. முதல் வருடம் காகிதத்தைப் பார்த்தே தற்காலிகச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் வருடம் வெளிநாட்டிலிருந்து ஓர் ஆய்வாளர் அம்மையார் நேரில் வருவார், அவர் சரி என்றால் நிரந்தரம், இல்லை என்றால் நாற்பது குடும்பத்து மிளகும் பழையபடி தரகர் சொன்ன விலைக்குப் போகும். அவர் வர ஐந்து நாள் இருக்கும்போது நான் காற்சட்டைத் துணி எடுக்க மாத்தளை டவுனில் ஒரு கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா கடைக்காரரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

“மீட்டர்னு விலை சொல்லிட்டுக் கஜக்கோலால அளந்தா எப்பிடி? மீட்டருக்கு மூணு அங்குலத்துக்கு மேல திருடுறீங்களே.”

நான் துணியை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினேன். மீட்டருக்கு மூன்று அங்குலத்துக்கு மேல். ஐந்து மீட்டருக்குப் பதினேழு அங்குலம். ஐந்து மீட்டர் என்பது பதினைந்து அடி இல்லை, பதினாறரை அடி கிட்ட. நாற்பது காணி, இரண்டு கரை, அத்தனை பச்சைக் கல்லும் ஒன்றரை அடி குறைவு. பண்டாவின் அண்டா குறைவு, கோப்ரலின் கக்கூஸ் குறைவு, செல்லம்மாக்காவின் சுவர் குறைவு.

சங்கத்துச் சிங்களக் குடும்பங்களுக்கு வேறொருவர் எழுதிய சிங்களப் புத்தகத்தில் ஐந்து மீட்டர் என்று சரியாகத்தான் இருந்தது. ஆனால் பித்தளை ஆணி அடித்த கம்பு ஊரில் நடமாடும்போது புத்தகத்தை யார் திறக்கப்போகிறார்கள்?

சொல்லியிருக்கலாம். ஐந்து நாளில் கல்லை நகர்த்தியும் இருக்கலாம். நான் சொல்லவில்லை. அந்த மாதம் என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம், வீட்டில் மூன்றாவது பிள்ளை வயிற்றில். மொழிபெயர்ப்பாளன் தப்பாக மொழிபெயர்த்தான் என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? முத்துமாரியம்மனிடம் போய், அம்மையாரின் அளவு நாடா வழியில் தொலைந்துபோக வேண்டும் என்று தேங்காய் உடைத்தேன். பயம் வந்தால் நான் எவ்வளவு சின்ன ஆள் என்பதை அந்த வாரம் தெரிந்துகொண்டேன்.

அம்மையார் வந்தார். நல்ல உயரம், வெயிலில் சிவந்த முகம், இடுப்பில் எஃகு நாடா. அம்மன் தேங்காயை ஏற்றுக்கொள்ளவில்லை. நாற்பது குடும்பமும் கரையில் கூடி நின்றது. பதினைந்தடி துவைத்த வெள்ளை வேட்டி சட்டையில், கம்புக்கு எண்ணெய் பூசி, முன்னால் நின்றார்.

முதல் கல்லை அளந்தார் அம்மையார். நாலு மீட்டர் ஐம்பத்தேழு. புருவத்தைச் சுருக்கினார். அடுத்த கல், நாலு ஐம்பத்தேழு. அக்கரைக்குப் போய் அளந்தார், நாலு ஐம்பத்தேழு. பத்துக் கல்லுக்குப் பிறகு நாடாவைச் சுருட்டிவிட்டு என்னிடம் சொன்னார்.

“மனிதர்கள் தப்பாக அளந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரித் தப்பாக இருக்கும். இங்கே எல்லாம் ஒரே தப்பு. இவ்வளவு ஒழுங்கான தப்பை நான் எங்கேயும் பார்த்ததில்லை. எந்த அளவை வைத்து நட்டார்கள் என்று கேளுங்கள். அவர்களுக்குக் கொடுத்த புத்தகத்தையும் பார்க்க வேண்டும்.”

நான் திரும்பி அதைத் தமிழில் சொன்னேன். பதினைந்தடி சட்டைப் பையைத் தொட்டார், பிளாஸ்டிக் உறையை வெளியே எடுத்தார். எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும். மூன்று அங்குலத்தைக் கண்ணால் கண்டுபிடிக்கிற மனிதருக்கு அதைப் படிக்கவா தெரியாது? உறை சட்டைப் பைக்குத் திரும்பவில்லை, வேட்டி மடிப்புக்குள் போனது.

“தமிழ்ப் பொஸ்தகத்த நான் கொண்டாரல,” என்றார். “பண்டா, ஒன்னோடதக் குடு.”

பண்டா சிங்களப் புத்தகத்தைக் கொடுத்தார். அம்மையாருக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் ஐந்து என்ற இலக்கம் தெரிந்தது. புத்தகம் சரியாகத்தானே இருக்கிறது, பிறகென்ன என்பது போலக் கம்பைப் பார்த்தார். ஊரே கம்பைப் பார்த்தது.

பதினைந்தடி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அந்த மனிதர் வாயில் அதுவரை ஒரு பொய் வந்ததில்லை, அதனால் அதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் பேசுகிற மாதிரி உரத்த குரலில் சொன்னார்.

“கிளாக்கரய்யா, அவங்கக்கிட்டச் சொல்லுங்க. பொஸ்தகத்துல தப்பு இல்ல. கம்பு சுருங்கிருச்சு.”

நான் கம்பைத் திரும்பிப் பார்த்தேன்.

“சொல்லுங்க. ஆத்தோரத்து மூங்கில். தண்ணியிலயே வளந்தது. வெயில்ல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சதுல காஞ்சு உள்ள இழுத்துக்கிச்சு. ஒன்னரை அடி. தப்பு என்னோடதுதான்.”

மாத்தளை அரசாங்க உத்தியோகத்தர் மயிரிழை பிசகில்லை என்று வாயால் சொன்ன கம்பு அது. பஸ்ஸில் படுத்துக்கொண்டு வந்த கம்பு. அதன் பெயரைத்தான் அவர் தன் பெயராக வைத்துக்கொண்டு நடந்தார். நாற்பது குடும்பத்துக்கு முன்னால் அதைப் பொய்க்கம்பு என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து நின்றார். அந்தப் பொய்யை ஒரு சொல் விடாமல், ஒழுங்காக, நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் பிழையில்லாமல் செய்த மொழிபெயர்ப்பு அதுதான்.

அம்மையார் கம்பைப் பார்த்தார், ஆணிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். எவ்வளவு விளங்கியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைவலையோடு தண்ணீரில் இறங்கினார். அரை மணி நேரம் கல்லைப் புரட்டிப் பார்த்தார். கரையேறும்போது முகம் மாறியிருந்தது. கீழே டவுனுக்குப் பக்கத்தில் பார்க்கவே கிடைக்காத மீனெல்லாம் இங்கே குஞ்சோடு இருக்கிறது என்றார். ஒரு மாதத்துக்குள் கற்களை நகர்த்திவிட்டுப் படம் அனுப்புங்கள், சான்றிதழ் வரும் என்றார். போகும்போது என்னிடம் மட்டும் சொன்னார்.

“அவரிடம் சொல்லுங்கள், அடுத்த தடவை சுருங்காத மூங்கிலாகப் பார்த்து வெட்டச் சொல்லி.”

புது மூங்கில் வெட்டினார்கள், பதினாறரை அடி. ஊரே சேர்ந்து கல்லை நகர்த்தியது. பண்டா தன் காணியில் ஒவ்வொரு கல்லையும் நகர்த்தும்போது, “மகள் கல்யாணத்துச் சோறு இப்பவும் தப்பான இடத்துலதான் அடிப்பிடிச்சிருக்கு,” என்று முனகினார். கோப்ரலிடம் போய்க் கக்கூஸை இன்னும் ஒன்றரை அடி பின்னால் எடுக்க வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு என்னுடையது என்று நானே ஏற்றுக்கொண்டேன். அது எனக்கு வேண்டிய தண்டனைதான். கோப்ரல் தகரத்தைத் தூக்கும்போது, “மூங்கில் சுருங்குமா மஹத்தயா?” என்று மட்டும் கேட்டார். மலைப்பக்கத்து மூங்கில் சுருங்கும் என்றேன். பொய் தொற்றுகிற சாமான்.

செல்லம்மாக்கா இரண்டாம் தடவையாக வானத்துக்குக் கீழே அடுப்பூதிக்கொண்டிருந்தார். சுவரை இடிக்க நானும் போயிருந்தேன், கடப்பாரை பிடித்துப் பழக்கமில்லாத கை இரண்டும் கொப்புளம். தேநீரை என் கையில் வைத்துவிட்டு, “கம்பு சுருங்கிருச்சாம்ல?” என்றார். நான் தேநீரையே பார்த்தேன். “நல்லா சீனி போட்டிருக்கேன், குடிங்க,” என்றார்.

பதினைந்தடியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் பேச்சைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

“ஏன் அண்ணே அப்பிடிச் சொன்னீங்க?”

“வேற என்ன சொல்றது? வீட்டுல புள்ளத்தாச்சி இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க.” செங்கல் ஒன்றைத் தட்டி உட்கார வைத்தார். “ரெண்டு நாளு நான் ஆத்துப் பக்கமே போகல. நான் சொன்ன பொய் அவங்களுக்கும் கேட்டிருக்கும். மொகத்துல முழிக்க வெக்கமா இருந்துச்சு.”

“தப்பு என்னோடது அண்ணே. நான்தான்...”

“கல்ல ஒன்னரை அடி தள்ளி வச்சா சரியாப் போயிர்ற தப்பு இது. போயிருச்சு. சரியாப் போகாத தப்பு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

நான் செங்கல் எடுத்துக் கொடுத்தேன்.

சான்றிதழ் வந்தது. பச்சை இலை போட்ட அந்தக் காகிதத்தைச் சங்கத்தில் சட்டம் போட்டு மாட்டினார்கள். என் வேலையும் தப்பியது. புதுக் கம்பு பதினாறரை அடி என்றாலும் அவர் பெயர் கடைசி நாள் வரைக்கும் பதினைந்தடிதான், ஒன்றரை அடியைப் பெயரில் சேர்க்க யாருக்கும் வாய் வரவில்லை. பழைய கம்பை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். வெட்டி அடுப்பில் வைக்க மனம் வரவில்லை என்று, ஒரு நாள் தானே பஸ்ஸில் படுக்க வைத்துக்கொண்டு வந்து என் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்.

அவர் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. கம்பு எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு மரத்துக்கு நடுவில் துணி காயப்போடும் கொடியாகக் கிடக்கிறது, எத்தனையோ மழையும் வெயிலும் பார்த்துவிட்டது. ஆணிகள் கறுத்துவிட்டன. வருடத்துக்கு ஒரு தரம், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளக்கிறேன். பதினைந்து அடி. இந்த வருடமும் ஓர் அங்குலம்கூடச் சுருங்கவில்லை.